எண்பதில் நிறைவு

கைப்பேசிக்கு மின்னூட்டுவதும் ஒருவகையில் உணவூட்டலே. நூறு விழுக்காடு நிரம்பினால்தான் நம்மில் பலருக்கு மனம் அமைதியுறும். ஆனால் 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்தின் இயல்பு வேறு. நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் உயர்கிறது. ஏறத்தாழ 4.2 வோல்ட் என்னும் உச்சநிலையில் நெடுநேரம் இருந்து, வெப்பமும் சேருமாயின், உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் விரைந்து சிதைந்து கொள்ளளவு குன்றுகிறது. முற்றிலும் வற்றவிடுவதும் தீதே. இருபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட நிலையே அதற்கு உகந்தது. 2023-இல் வெளிவந்த ஐபோன் 15, எண்பதில் நிறுத்தும் வசதியுடனேயே வந்தது.

வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அவ்வறவுரை மின்கலத்தைப் பற்றியதன்று. எனினும் எண்பதில் இணைப்பைத் துண்டிக்கும்போதெல்லாம் அஃது என் நினைவில் எழுகிறது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலருடைய கைப்பேசி, தந்தையின் பல மாத உழைப்பு. அதுவே உங்கள் நூலகமும் ஆகும். அதன் ஆயுள் ஓராண்டு நீண்டாலும் வீட்டுக்கு ஒரு சுமை குறையும். நெடும்பயணமோ, நோயாளியின் அருகில் விழித்திருக்கும் இரவோ வருமாயின் முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள்; கருவி நமக்காகவே, கருவிக்காக நாமல்லோம். ஏனைய நாள்களில், உறங்குமுன் இணைத்துவிட்டு விடியும்வரை மறந்துவிடும் வழக்கத்தைக் கைவிடுவோம். தலையணைக்கடியில் வைத்து மின்னூட்டுவதையும் அறவே தவிர்ப்போம். போதுமென்ற மனம் பொருளையும் காக்கும்.