சமதரை இல்லாத ஊரில் நடைப்பயிற்சி

மலையகத்திலே நடத்தல் என்பது பயிற்சியன்று, அது பிழைப்பு. அதிகாலையிற் பிரட்டுக்களத்துக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து மலைக்கு ஏற வேண்டும். கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்க வேண்டும். மாலையில் மீண்டும் லயத்துக்கு ஏற வேண்டும். இவ்வாறு நாற்பது ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் உழைத்த ஒருத்தியிடம், “நாடோறும் சற்று நடவுங்கள்” என்று வைத்தியர் கூறினால் அவள் சிரிக்காமல் என்செய்வாள்? அட்டனை அடுத்த டிக்கோயாப் பகுதியில், ஒரு தோட்டத்தின் மேட்டு லயத்தில் வாழும் தாயொருத்தியும் அன்று அவ்வாறே சிரித்தாள். சிரித்தபோது மார்பெலும்பு வலித்தது. கையிலிருந்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருமும்போதும் சிரிக்கும்போதும் அவ்வாறு அணைத்துக்கொள்ளுமாறு தாதியர் அவளுக்குக் கற்பித்திருந்தனர்.

நோய் அவளிடம் திடீரென வந்ததன்று. கூடை நிறைந்து மேடேறும்போதெல்லாம் நெஞ்சில் ஓர் இறுக்கம். சற்று நின்றால் அது மறையும். வாய்வு என எண்ணி இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்தாள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேற் சம்பளமும் இல்லை. ஆதலால் வலியைக் கணக்கிலெடுக்க அவளுக்கு ஓய்விருக்கவில்லை. ஒருநாள் தேயிலை நிரையின் நடுவே அவள் அமர்ந்துவிட்டபோதுதான் வலி வலியாகவே மற்றவர்க்குத் தெரிந்தது. தோட்டத்து மருந்தகம், அதன்பின் அரச வைத்தியசாலை, அதன்பின் பல மாதக் காத்திருப்பு, இறுதியிற் சத்திரசிகிச்சை எனக் காலம் கழிந்தது.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்பவை முடியுரு நாடிகள். அவை கொழுப்புப் படிந்து ஒடுங்கும்போது, காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ எடுத்த குழாயைப் பொருத்தி, அடைப்பைத் தாண்டிக் குருதி செல்ல மாற்றுவழி அமைக்கின்றனர். ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த வைத்தியர் ரெனே ஃபவலோரோ 1967 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் கால்நாளத்தைக் கொண்டு செய்த சிகிச்சையே இம்முறை பரவ வழிவகுத்தது. தோட்டத்துப் பெண்ணொருத்திக்கு அத்தகைய சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது இந்நாட்டுச் சுகாதாரசேவையின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வைத்தியர் அமைத்தது வழி மாத்திரமே. அவ்வழி மீண்டும் அடைபடாமற் காத்தல், அதன்பின் வரும் ஆண்டுகளின் வேலை. அது சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிகழ்வதன்று. அடுப்படியிலும் பாதையிலும் நிகழ்வது.

அவள் வீடு திரும்பியபோது லயமே திரண்டு வந்தது. ஒருத்தி கோழிச்சாறு கொண்டுவந்தாள்; ஒருத்தி நெய்யில் முட்டை பொரித்துக் கொடுத்தாள். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “அக்கா, அசையாம படுங்க.” அவ்வன்பைக் குறைகூற எவர்க்கு மனம் வரும்? படுக்கையே மருந்து என்று வைத்தியர்களும் ஒருகால் நம்பியிருந்தனர். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கிற் படுக்கவைப்பதே அக்கால வழக்கம். 1952 இல் லெவைன், லௌன் என்னும் இரு அமெரிக்க வைத்தியர் அத்தகையோரை நாற்காலியில் எழுப்பி அமர்த்துவதே நன்று என எழுதியபோது அது பெரும் துணிவாகத் தோன்றிற்று. அடுத்த ஆண்டு ஜெரி மொரிஸ் என்பார், இலண்டன் மாடிப் பேருந்துகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரிடையே முடியுரு நாடி நோய், அமர்ந்தே இருந்த சாரதிகளிடையே காணப்பட்டதிலும் குறைவாக இருந்தது.

அவ்வாறாயின் வாழ்நாளெல்லாம் மலையேறியவளுக்கு இந்நோய் வந்தது எங்ஙனம் என்ற வினா எழும். உழைப்பு நோயின் வாய்ப்பைக் குறைக்கும், அறவே நீக்காது. உயர்ந்த குருதியமுக்கம், நீரிழிவு, புகையிலை, உப்பு மிகுந்த உணவு, பரம்பரை ஆகியன மறுபுறம் நிற்கின்றன. இவளுக்குக் குருதியமுக்கம் இருந்தது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கமும் இருந்தது. பசியையும் குளிரையும் மறக்க அது உதவியதென்பாள். அதை விடுவதே மற்றெல்லாவற்றிலும் கடினமாயிருந்தது என்றும் சொல்வாள்.

உணவுக்கு வருவோம். விடியுமுன் சுட்ட கோதுமைமா ரொட்டி, உப்பும் கொச்சிக்காயும் தூக்கலான கட்டைச் சம்பல், சீனி நிறைந்த சாயத்தண்ணி என்பதே பல லயங்களின் காலையுணவு. இதனை அறியாமை எனல் எளிது, ஆயின் உண்மையாகாது. ரொட்டி விரைவிற் சுடப்படுவது, மலைக்குக் கட்டிச்செல்ல ஏற்றது, நண்பகல்வரை வயிற்றைத் தாங்குவது. நேரமின்மையும் வருமானக் குறைவுமே அந்த ரொட்டியை வட்டமாகத் தட்டின.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் மகள், இருதய நோயாளர்க்குரிய உணவுக் குறிப்பொன்றைக் கைப்பேசியில் அனுப்பினாள். ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், அப்பிள் என்று அது நீண்டது. தாய் அதனை வாசிக்கக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் துரை பங்களாச் சாப்பாடு” என்றாள். பின்னர் மகளே விடுமுறையில் வந்து, லயத்தில் உள்ளவற்றைக் கொண்டே ஒரு வழி கண்டாள். ரொட்டியிற் பாதி குரக்கன்மா ஆயிற்று. வெள்ளைச் சோற்றின் இடத்தைச் சிவப்பரிசி சிறிய அளவிற் பிடித்தது. வேலியிற் படர்ந்த மேரக்காயும் அதன் தளிரும், வாசலில் முளைத்த கீரையும், போஞ்சியும் பருப்பும் தட்டில் அரைப்பங்கைக் கடந்தன. தேங்காய்ப்பால் வாரத்தில் ஓரிரு நாளுக்குச் சுருங்கிற்று. கருவாட்டின் இடத்திற்கு இயன்றபோது பச்சைமீன் வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவேயாம். மகள் அவ்வளவை ஒரு சிமிழில் இட்டுக் காட்டியபோது, “இது ஒரு வேளைச் சம்பலுக்கே காணாதே!” என்று தாய் வியந்தாள். தேசிக்காய்ப் புளியும் மிளகும் உப்பின் குறையைச் சிறிது சிறிதாக மறைத்தன.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். இவளுக்குப் பொருந்தியது யாவர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டு வோபரின் மாத்திரை உண்போர், கீரையைத் திடீரெனக் கூட்டினும் குறைப்பினும் அம்மருந்தின் வேகம் மாறிவிடும். அத்தகையோர் கீரையை ஒரே அளவிற் பேணி, கிளினிக்கிற் குருதியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி நடை. பிளந்து கம்பியால் இணைத்த மார்பெலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். அதுவரை பாரம் தூக்கலாகாது. குடமும் விறகும் கூடையும் விலக்கு. அவ்வாறெனின் பீலியிலிருந்து தண்ணீர் கொணர்வது யார்? கணவர் குடத்தை எடுத்தார். பீலியடியில் இளைஞன் ஒருவன், “என்னா மாமா, பொம்பளை வேலைக்கு எறங்கிட்டீங்களா?” என்று கேலிசெய்தான். அவர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “நாப்பது வருசமா அவ எனக்குத் தூக்குனா. இப்ப என் முறை” என்றார். அன்று முதல் அக்கேலி ஓய்ந்தது. மருந்துச் சீட்டில் எழுதப்படாத சிகிச்சை அதுவாகும்.

சமதரையில் நடக்குமாறு வைத்தியர் கூறியிருந்தார். அம்மலைச்சரிவில் சமதரை என ஒன்று உண்டெனின், அது லயத்தின் நீண்ட வாசல்தான். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட அந்த லயத்திலே, முதல்நாள் மூன்று வாசல் நடந்தாள். ஒரு வாரத்தில் ஆறு, அதன்பின் பன்னிரண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி காத்திருந்து இரண்டு வார்த்தை பேசினாள். அதுவும் நன்றே, நடக்கும்போது பேச முடிகிறதெனின் நடை அளவோடு உள்ளது, பேச்சுத் தடைப்படின் நிற்க வேண்டும். மூடுபனி விலகி வெயில் படர்ந்த பின்னரே புறப்பட்டாள். மேட்டுப் பாதையைத் தொடங்கியபோது, முதலில் ஏறிப் பின்னர் இறங்கும் வழியையே கொண்டாள். களைப்பு வருமிடத்தில் வீடு கீழே இருக்க வேண்டுமன்றோ? கிழமைக்கு 150 நிமிட மிதமான நடை என்பது நூல்கள் கூறும் அளவு. அவள் அதனைக் கடிகாரத்தால் அளந்தாளல்லள், வாசல்களால் அளந்தாள்.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. கூடையை மீண்டும் எடுப்பதா? மகள் வேண்டாமென்றாள். தாயோ, “சும்மா உக்காந்தா நான் யாரு?” என்றாள். அக்கேள்விக்கு மருத்துவத்தில் விடையில்லை. வைத்தியரின் சான்றிதழைக் காட்டிக் கேட்டபின், பிள்ளைக்காம்பராவில் உதவி வேலை கிடைத்தது. வருவாய் குறைந்தது, குழந்தைகளின் பின்னே ஓடும் நடை மட்டும் கூடிற்று.

ஒருநாள் நண்பகல், வெறுங்கையோடு மடுவம்வரை ஏறிச்சென்றாள். பழைய தோழியர் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருத்தி அவளைத் தனியே அழைத்து, “அக்கா, எனக்கும் மேடு ஏறுறப்ப நெஞ்சு இறுக்குது. வாய்வுன்னு நெனச்சேன்” என்றாள். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் நாளன்று, ஒரு பேரை இழந்து, இருவரும் அட்டன் வீதிக்கு இறங்கி பஸ் ஏறினர்.