காய்ந்த செடியும் கறுப்பு வெள்ளைப் படமும்

காய்ந்து நிற்கும் செடிகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பது பனிநாட்டுக் குளிர்காலக் கலை என்பதே பொதுவான எண்ணம். இலையுதிர்ந்த தண்டு, சுற்றிலும் வெண்பனி, கொஞ்சம் சோகம் இருந்தால் படம் தயார். அப்படியானால் மார்கழியிலும் உறைபனி காணாத மதுரைச் சமவெளிக்கு, 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த ஆனையூருக்கு, இதில் என்ன வேலை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்தக் கலையின் பூர்வீகத்தைத் துருவினால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. இது பனியில் பிறக்கவில்லை. செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் பிறந்தது.

முதல் சான்று புகைப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1839 ஜனவரியில் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட தம் கட்டுரையில், தாம் முதலில் படியெடுக்க முயன்றவை பூக்களும் இலைகளும்தான் என்றும், சிலவற்றைத் தம் ஹெர்பேரியத்திலிருந்தே எடுத்ததாகவும் அவர் சொல்கிறார். அடுத்தவர் அன்னா அட்கின்ஸ். வில்லியம் ஹார்வியின் கடற்பாசி நூலில் படங்கள் இல்லாத குறையைப் போக்க, உலர்த்திய பாசிகளை ரசாயனம் பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி, 1843 முதல் பகுதி பகுதியாக ஒரு நூலையே வெளியிட்டார். ‘டால்பட் பச்சை இலைகளையும் பயன்படுத்தினாரே, அட்கின்ஸின் படங்கள் நீல நிறமாயிற்றே’ என்று கேட்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் கேமரா இல்லாத இந்த முறையில் பொருள் தாளோடு ஒட்டிப் படிந்தால்தான் விளிம்பு கூர்மையாக விழும். அழுத்திக் காயவைத்த செடி அதற்கென்றே செய்துவைத்தது போலிருக்கும். நீலமானாலும் கறுப்பானாலும் அது ஒற்றை நிறம்தான். வடிவத்தைக் காட்ட அதுவே போதும்.

நிறத்தைப் பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது: நிறத்தை நீக்கினால் செடியின் பாதி உண்மை போய்விடாதா? பசுஞ்செடிக்கு அது பொருந்தும். புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படமெடுத்த காலத்தில் படச்சுருளுக்கு முந்தைய அந்தக் காகித நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இசைந்தன; பச்சை கறுத்துத் திட்டாக விழும். அவரே தம் நெகட்டிவ்களில் வானத்தையும் தழைகளையும் வண்ணம் தீட்டிச் சரிசெய்திருக்கிறார். உலர்ந்த செடியிலோ இழப்பதற்கே அதிகமில்லை. நிறம் நிலைக்காது என்பதால்தான் செடி சேகரிப்பவர்கள் பூவின் நிறத்தைச் சீட்டில் எழுதிவைக்கிறார்கள். எஞ்சியிருப்பது நரம்பு, முள், மயிர், மடிப்பு. இவற்றைக் காட்ட ஒளியும் நிழலும் போதும்.

கேமரா வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் கறுப்பு வெள்ளைச் செடிப்படம் இருந்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப்பட நூல் 2,000-க்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்களைக் கொண்டது. ரங்கையா, கோவிந்து என்னும் நம் பக்கத்து ஓவியர்கள் வரைந்தவை அதில் ஏராளம். வண்ணம் பூசாமலே அச்சானவை. 1982-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து கே.எம். மத்தேயு கொண்டுவந்த தமிழகச் சமவெளித் தாவரப் படத்தொகுதியும் கோட்டோவியம்தான். ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928-இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற படங்களும் மாணவர்களுக்கு வடிவம் கற்பிக்க, வெறும் அட்டைப் பின்னணியில் எடுத்தவை. பனிக்காலப் படங்களையும் இப்படிப் பார்த்தால் புரியும்: அங்கே பனி தருவது சோகத்தை அல்ல, ஹெர்பேரியத் தாளின் வெள்ளையை.

அந்த வெள்ளை ஆனையூரில் சுண்ணாம்புச் சுவரில் கிடைக்கும். வெளுத்த வானத்திலும் கிடைக்கும். இங்கே செடியைக் காயவைப்பது குளிர் அல்ல, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வறட்சி. மார்கழி, தை மாதங்களில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கிறது. டிசம்பர் இறுதியில் 57 டிகிரியைத் தாண்டுவதில்லை. சித்திரை பிறந்ததும் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், நிழல் சுருங்கிவிடும். அந்தச் சாய்வெயிலில் காலிமனையில் நிற்கும் ஒரு துத்திச் செடியைப் பாருங்கள். காய்ந்த காயில் 15 முதல் 20 அறைகள் வட்டமாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றும் உச்சியில் பிளந்து கூரிய மூக்கோடு நிற்கும், மேலெல்லாம் நுண்மயிர், உள்ளே கருவிதை. பச்சையாக இருந்தபோது மஞ்சள் பூ இந்த வடிவத்தைக் கவனிக்கவே விட்டிருக்காது.

ஆகவே இது இரவல் கலை அல்ல. பனிநாட்டுச் சோகத்தைத்தான் நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. மனைகள் கட்டடமாகும் வேகத்தில் துத்தியும் நாயுருவியும் எருக்கும் நின்ற இடங்கள் மறைகின்றன. தை, மாசியில் படமெடுங்கள். செல்பேசி போதும். ஆனால் ஹெர்பேரியத் தாளில் எழுதுவதுபோல் ஒவ்வொரு படத்தோடும் செடியின் பெயர், இடம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். பூவின் நிறம் தெரிந்தால் அதையும்.