இடிக்கு ஓர் ஆணி

இங்கிலாந்தில் கோழி வளர்க்கிற இருவர் சந்தித்தால், முட்டையைப் பற்றிப் பேச்சு வருமுன் நரியைப் பற்றி வந்துவிடும். நான் இருக்கும் ஹரோ, லண்டனின் வடமேற்கு ஓரம். இங்கே பட்டப்பகலிலேயே நரி மதிலில் நடந்துபோகும். கூட்டுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றோடு அது நிறுத்தாது. படபடக்கிற எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரையே வலையைப் பற்றியதுதான். கடையில் கோழிவலை என்று விற்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், ஆனால் நரியின் பல்லுக்கு நிற்காது. சதுரக் கண்களாக ஒட்டவைத்த கம்பிவலை வேண்டும்; கண் அரை அங்குலமாக இருந்தால் எலியும் நுழையாது. அதை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையோடு விரித்து, மேலே புல்லை வளரவிட்டால் போதும். நரி கூட்டின் ஓரத்திலேதான் தோண்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது.

இதைச் சொன்னவர் மூன்று வீடு தள்ளியிருக்கும் ஒரு பெரியவர். அதுவரை எங்களுக்குள் இருந்தது காலை வணக்கமும் மழையைப் பற்றிய இரண்டு வார்த்தையும்தான். நான் கூடு அடிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அளவுநாடாவோடு வந்துவிட்டார். மண்ணைக் கிண்டிப் பார்த்து, "இது களிமண். மாரியில் கோழி கணுக்கால் அளவு சேற்றில் நிற்கும். மரச்சீவலை நிறையக் கொட்டு. மரப்பட்டை போடாதே, அது பூஞ்சணம் பிடித்துக் கோழியின் மூச்சைக் கெடுக்கும்" என்றார். அன்று சொன்னது ஒவ்வொன்றும் பிறகு உண்மையாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக் கோழிகளுக்கு இப்படிக் கோட்டை ஒன்றும் இருக்கவில்லை. பொழுதுபட்டால் மாமரத்தில் ஏறிப் படுத்துவிடும். குஞ்சோடு நிற்கும் தாய்க்கோழியை மட்டும் அம்மா கூடையால் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைப்பார். மரநாயும் கீரியும் பருந்தும் எங்களுக்கும் இருந்தன. ஆனால் கோழிகள் அவற்றை அறிந்திருந்தன. பருந்தின் நிழல் விழுந்தால் தாய் கொடுக்கிற ஒரு குரலுக்கு அத்தனை குஞ்சும் செட்டைக்குள் ஓடிவிடும். தீன் என்று தனியாக ஒன்றும் வாங்கியதில்லை. குறுணலும் தவிடும் பழஞ்சோறும் மிச்சத்துக்கு வளவும்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு அறிவுரைக்குக் குறைவே இல்லை. விண்ணப்பம் நிரப்புவது, பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன், குளிருக்கு எந்தச் சப்பாத்து என்று எதற்கும் ஒருவர் சொல்லித்தர, நாம் கேட்டுக்கொண்டிருப்போம். கேட்டேயாக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், பனங்கிழங்குப் பாத்தியை எப்போது கிண்டலாம் என்பதெல்லாம் இங்கே எவருக்கு வேண்டும்? அப்படியே பல காலம் போனபின், கோழியால்தான் எனக்கு அந்த நிலை மாறியது. அதனால்தான் இந்தப் பிராணிமேல் எனக்கு முட்டைக்கு மேற்பட்ட நன்றி இருக்கிறது.

என் முதல் கோழிகள் பண்ணையிலிருந்து ஓய்வுபெற்றவை. 2005இல் ஜேன் ஹொவார்த் என்ற பெண்மணி தொடங்கிய அறக்கட்டளை ஒன்று, பண்ணைகள் கழித்துவிடும் கோழிகளை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்று பெயர். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அதன்வழி வீடு சேர்ந்திருக்கின்றன. பண்ணைக்கோழிக்குச் சுமார் 72 கிழமை வயதானதும் முட்டை குறையத் தொடங்கும். பிறகு அதன் இடம் கசாப்புக்கூடம்தான். பழைய வெறுங்கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்தது. அதன் பின்னும் பெரிய கூண்டுகளில் ஒரு கோழிக்கு விதிக்கப்பட்ட இடம் 750 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் ஒன்றைவிடச் சற்றே பெரிது.

பெட்டியைத் திறந்து புல்லில் விட்டபோது அவை அசையாமல் நின்றன. கொண்டை பெரிதாக, இரத்தமில்லாத வெளிர்நிறத்தில், ஒரு கண்ணை மறைத்துச் சரிந்து கிடந்தது. கழுத்திலும் முதுகிலும் தோல் தெரிந்தது. ஒன்று காலைத் தூக்கிப் புல்லின்மேல் வைத்தது, உடனே எடுத்துவிட்டது, திரும்பவும் வைத்தது. கிளறத் தெரியவில்லை. பொழுதுபட்டதும் கூட்டுக்குள் போகவேண்டும் என்பதும் தெரியவில்லை. முதல் சில இரவுகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டையில் இருத்த வேண்டியிருந்தது. இறகில்லாத கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடுகிற அன்பான மனிதர்கள் இங்கே உண்டு. அனுபவப்பட்டவர்கள் வேண்டாம் என்பார்கள்: சட்டை ஈரத்தைப் பிடிக்கும், கோழி இறகு கோதுவதைத் தடுக்கும், முளைக்கிற புது இறகையும் உரசும். கொஞ்சம் புரதம் கூட்டிக்கொடுத்து, குளிர்காற்று அடிக்காத உலர்ந்த இடத்தில் விட்டால் இறகு தானாக வரும். வந்தது. சாம்பலும் மணலும் கலந்த பெட்டியில் முதன்முதலாக ஒன்று புரண்டு குளித்த அன்று, நான் சமையலை அடுப்பில் விட்டுவிட்டு யன்னலில் நின்றேன்.

கோழிக்காரர்கள் நரிக்கு அடுத்தபடியாகப் பயப்படுவது ரெட் மைட் என்ற சிவப்புப் பூச்சிக்கு. அது கோழியில் குடியிருப்பதில்லை. பகல் முழுவதும் கூட்டின் விரிசலுக்குள் ஒளிந்திருந்து, இரவில் கட்டையில் உறங்கும் கோழியில் ஏறி இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் அகப்படாது. இதற்கு ஒரு சோதனை சொல்லித்தருவார்கள். இருட்டியபின் டார்ச் லைட்டோடு போய், கோழி குந்தியிருக்கும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூத் தாளால் அழுத்தித் துடை. தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் பூச்சி இருக்கிறது. அந்தக் கோடு உன் கோழியின் இரத்தம். கூட்டுக் கூரையில் தார்த்தகடு ஒட்டியிருந்தால் அதன் அடிதான் இவற்றின் கோட்டை. பிய்த்து எறிந்துவிட்டு வேறு கூரை போடவேண்டும். கட்டையின் இரு நுனிகளிலும் சந்து பொந்துகளிலும் டையட்டம் மண்ணைத் தூவலாம்; தூவும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். முட்டை குறைந்து கொண்டை வெளுத்தால் முதலில் தாளை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போகச் சொல்கிறேன், யார் கேட்டாலும்.

இந்த நாட்டில் கோழிக்குச் சட்டமும் நிறைய. ஒன்று நமக்கு ஆதரவானது. 1950ஆம் ஆண்டின் தோட்டக்காணிச் சட்டம் 12ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தத்திலோ பத்திரத்திலோ எப்படி எழுதியிருந்தாலும், வியாபாரத்துக்கல்லாமல் பேடுகளும் முயல்களும் வளர்க்கும் உரிமையைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கிறது. சேவல் அதில் சேராது. போரும் பங்கீடும் தந்த பழக்கம் அது. அந்தக் காலத்தில் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அரசு கோழித்தீன் மாவு கொடுத்தது. சமையலறைக் கழிவை வேகவைத்து அந்த மாவோடு பிசைந்து போடும்படி மக்களைக் கேட்டது.

இன்று அதே கழிவைப் போடுவது குற்றம். 2001இல் நாட்டையே உலுக்கிய கோமாரி, சரியாக வேகவைக்காத உணவுக்கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதில் தொடங்கியதாகக் கருதப்பட்டது. அதன்பின் தடை இறுகிவிட்டது. சமையலறைக்குள் ஒருமுறை போன கரட் தோல்கூட கோழிக்குத் திரும்பி வரக்கூடாது. விலங்குப்பொருள் எதுவுமே புழங்காத வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாலும் நெய்யும் புழங்கும் நம் சைவ வீடுகளுக்கு அது பொருந்தாது. தமிழர்கள் யார் புதிதாகக் கோழி வாங்கினாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் மிஞ்சின சோற்றைக் கோழிக்குப் போடுவது நமக்கு இரத்தத்தில் ஊறியது. பாத்தியிலிருந்து பிடுங்கிய கீரையை நேரே கொண்டுபோய்ப் போடலாம். வீட்டுக்குள் கொண்டுவந்து கழுவிவிட்டுப் போடக்கூடாது.

பறவைக் காய்ச்சல் வந்தபின் விதிகள் இன்னும் கூடின. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு முன், 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை, நாடு முழுவதும் வளர்ப்புப் பறவைகளை அடைத்து வைக்கும்படி ஆணை இருந்தது. காட்டுப்பறவையின் எச்சம் உள்ளே விழாதபடி கூரை, வாசலில் கிருமிநாசினித் தட்டு, கூட்டுக்கெனத் தனிச் சப்பாத்து. அடைபட்ட கோழி சலித்துப்போய் ஒன்றையொன்று கொத்தும். தோட்டத்துக் கோவாவை முழுசாக, எட்டிக் கொத்தும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடு என்ற யோசனை அந்த மாரியில் வேலிக்கு வேலி பரவியது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள். முட்டைக்குப் பதினாலு மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். டிசம்பர் லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை. முட்டையும் இல்லாமல், புல்லும் இல்லாமல் அவை கம்பிக்குப் பின்னால் நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஊரில் விட்டுவந்த கோழிகள் நினைவுக்கு வந்தன. 1995 அக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, அம்மா கடைசியாகச் செய்த வேலை குஞ்சுக்கோழியின் கூடையை நிமிர்த்திவிட்டதுதான். அவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்றார். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அம்மா சொன்னவற்றில் பாதி இந்த ஊருக்குப் பொருந்தாது. நம்மூர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைகிடக்கும். இங்குள்ள பழுப்புநிறக் கலப்பினம் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும், அடைக்குப் பெரும்பாலும் குந்தாது. அந்தக் குணம் வராதபடி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வந்திருக்கிறார்கள். அதனால் பின்சந்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதியின் சில்கிக் கோழி ஒருநாள் கூட்டை விட்டு எழும்பாமல் தட்டையாகப் பரந்து கிடந்தபோது, அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்பித்தளக் கூண்டில் சில நாள் வைத்தால் அடிவயிறு குளிர்ந்து அடை தெளிந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்குப் பேத்திக்குக் குஞ்சு காட்ட ஆசை. என்னிடம் வந்தார். "உன் அம்மா எப்படிச் செய்வார்?"

அந்தக் கேள்வியை இந்த நாட்டில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினேன். தபாலில் வாங்கும் கருக்கட்டிய முட்டையைக் கூர்நுனி கீழே இருக்கும்படி ஒருநாள் ஆறவிட வேண்டும் என்பது நான் இங்கே படித்தது. மற்றதெல்லாம் அம்மாவுடையது. முட்டையை இரவில்தான் வைக்க வேண்டும், கோழியின் நெஞ்சுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தள்ளி. ஒற்றைப்படையில் வைக்க வேண்டும். சில்கி சின்ன உடம்பு, ஏழு போதும். ஒரு கிழமை போனதும் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அம்மா கிடுகுக் கூரையின் ஓட்டையால் விழும் வெயிலில் பிடிப்பார், நாங்கள் டார்ச் லைட்டில் பிடித்தோம். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து பிரியும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரிந்தன. கடைசி மூன்று நாள் கை வைக்கக்கூடாது. இருபத்தொராம் நாள் குஞ்சு கொத்தும்.

"இன்னும் என்ன செய்வார்?" என்று கேட்டார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று வைக்கோலுக்குக் கீழே ஓர் இரும்பாணியும் ஒரு கரித்துண்டும் வைப்பார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டிலுக்குப் போய்க் கணவரின் பெட்டியிலிருந்து நீளமான ஆணி ஒன்றை எடுத்துவந்து வைத்தார். ஏழில் ஐந்து பொரித்தன. அவற்றில் இரண்டு சேவல். அவற்றுக்கு ஊருக்கு வெளியே இடம் தேட வேண்டிவரும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தேன்.

பிறகு ஒருமுறை, கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைப் பேரரசில் வாழ்ந்த கொலுமெல்லாவின் வேளாண்மை நூலை மொழிபெயர்ப்பில் படிக்கக் கிடைத்தது. எட்டாம் புத்தகத்தில் கோழி. அடைமுட்டையை ஒற்றைப்படையில் வைப்பார்கள் என்கிறார். இடிக்கு மாற்றாக வைக்கோலுக்கு அடியில் பூண்டும் இரும்பாணியும் வைப்பார்கள் என்கிறார். ஏறத்தாழ அதே காலத்தவரான பிளினியும் ஆணியைச் சொல்கிறார். அதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். இடிக்கும் முட்டைக்கும் தொடர்பிருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஊரில் படித்த மனிதர்கள் பட்டிக்காட்டு நம்பிக்கை என்று அம்மாவை எடுத்தெறிந்து பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அவருடைய ஆணி, உரோமைக்காரனின் வைக்கோலுக்குக் கீழும் இருந்திருக்கிறது. பொரிக்கும்வரை எதுவும் செய்ய இயலாமல் காத்திருந்த மனிதர்கள், தங்களால் ஆனதைச் செய்துவிட்டு, அதை அடுத்தவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். தாதிக்கு அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினேன்.

இப்போது எனக்குத் தொலைபேசி வருகிறது. போன மாதம் குரொய்டனிலிருந்து ஓர் இளம்பெண். யாரிடமோ என் இலக்கம் வாங்கியிருக்கிறாள். குரல் நடுங்கியது.

"அக்கா, கோழி காலமை துடக்கம் வாலைக் கீழ விட்டுக்கொண்டு நிக்குது. முக்குது. முட்டை வரேல்லை."

"அடிவயித்தை மெல்லமாத் தொட்டுப் பாத்தனீங்களோ? கல்லு மாதிரி ஏதும் தட்டுப்படுதோ?"

"ஓம் அக்கா."

"அமத்தாதேங்கோ. உள்ளுக்கு உடைஞ்சா மோசம். வெதுவெதுப்பான தண்ணியில வயிறு தாழ இருபது நிமிசம் வைச்சிருங்கோ. பிறகு ஈரத்தைத் துடைச்சு, சூடான இருட்டு அறையில தனிய விடுங்கோ. பொழுதுபடுறதுக்குள்ள வராட்டி மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ, யோசிக்காதேங்கோ."

பின்னேரம் திரும்ப எடுத்தாள். முட்டை வந்துவிட்டது, கோழி தண்ணீர் குடிக்கிறது என்றாள். மகிழ்ச்சியில் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பேசினோம், அவளுடைய ஊர் பருத்தித்துறை என்பது வரைக்கும். வைக்கிற நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, அந்த முட்டையைத் தின்னலாமோ?"

"மருந்து ஒண்டும் குடுக்கேல்லைத்தானே? அப்ப தின்னலாம். முதல்ல ஓட்டைப் பாருங்கோ. மெல்லிசா இருந்தா சுண்ணாம்புச் சத்துக் காணாது. சிப்பி ஓடு வாங்கி வேற கிண்ணத்தில வையுங்கோ, தீனோட கலக்காதேங்கோ. தேவையானது தானாப் போய்க் கொத்தும்."