மீன்குழம்பில் கலந்தது

என் தம்பிக்கு அவன் அறியாமல் மாத்திரை கொடுத்தேன். பொடித்து மீன்குழம்பில் கலந்து, என் கையாலேயே சோற்றில் ஊற்றினேன். வெளியே சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது. இப்போது அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்பது மட்டும் அவன் சொன்ன நிபந்தனை.

நாங்கள் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர்கள். மன்னார் வளைகுடாவில் 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் எங்கள் அப்பா கல்லைப் பிடித்து இறங்கியவர். அதற்குப் பிறகு சிப்பி சேரவில்லை, குளிப்பும் நடக்கவில்லை. தம்பி சங்கு குளிக்கப் போனான். நான் படித்து, கொற்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரானேன். பாண்டியர் துறைமுகம் இன்று வாழையும் வயலுமாகக் கிடப்பதைக் காட்டி, தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலை எப்படித் தள்ளிவிட்டது என்று பிள்ளைகளுக்கு விளக்குவேன். காரண காரியம் தெரிந்தவள் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடுதான் இதைச் செய்தேன்.

சங்கு குளிக்கிறவன் குடிக்காமல் இருப்பானா என்பார்கள் எங்கள் பக்கம். அடிக்கடலில் குளிர், காதுவலி, கரையேறினால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அலுப்புக்குக் குடிக்கிறான் என்று நானும் சொல்லித் திரிந்தேன். 2003 கடைசியில் சில்லறை மதுக்கடைகளையும் அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. கடையைத் தேடி அலையவேண்டிய சிரமம்கூட அவனுக்கு இல்லை. சில வருஷத்தில் காலையில் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு மடக்கு ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கும், அப்புறம்தான் வள்ளத்தில் ஏறுவான். அது அலுப்புக்குக் குடிக்கிற குடி இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை.

ஏன் என்றால், என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் குடிக்கிறான் என்பது ஊருக்கு ஒரு செய்தியே இல்லை. தாய்மாமன் குடிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்றால் அது செய்தி. எங்கள் தெருவின் கணக்கு அப்படி. நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன்.

'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் இருக்கமாட்டார். பொடிகளை நான் நம்பவில்லை, டீச்சர் அல்லவா! ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் டைசல்ஃபிராம் மாத்திரை வாங்கினேன்.

தவக்காலம் வந்தது. விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை குடியைத் தொடுவதில்லை என்று தம்பி மாதா முன்னால் நேர்ந்துகொண்டான். முதல் சில நாட்கள் வேர்த்து, நடுங்கி, தூங்காமல் கிடந்தான். வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகக்கூடிய கட்டம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. தப்பினான். வாக்கைக் காப்பாற்றினான். நான் சொல்ல வெட்கப்படுவது இதைத்தான்: அவன் தானாகவே நிறுத்தியிருந்த நாட்களில், அவனை நம்பாமல், ஈஸ்டருக்குப் பிறகு எப்படியும் குடிப்பான் என்று முடிவுகட்டி, மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தேன். அவன் பெண்டாட்டியையும் சேர்த்துக்கொண்டேன்.

"எக்கா, குழம்பு ஏன் இப்படி இருக்கு? வாயெல்லாம் பூண்டு வாடையும் இரும்புமா அடிக்கி."

"பூண்டு கூட விழுந்துட்டுல."

அந்த மருந்து வாயில் அப்படி ஒரு ருசியை விடும் என்று பிற்பாடு படித்தேன்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் சேக்காளிகளோடு ஒரு குவாட்டரில் பாதி குடித்திருப்பான். சற்று நேரத்தில் முகமும் கண்ணும் செக்கச்செவேல் என்றாகி, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துச் சரிந்தான். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மாரடைப்பா, கள்ளச்சாராயமா என்று தெரியாமல் டாக்டர் திணறினார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

மாத்திரை கலந்தது அறியாமை என்று வேண்டுமானால் வாதாடலாம். இந்த 'இல்லை'க்கு அப்படி எந்த வாதமும் கிடையாது. போலீஸ் கேஸ் ஆகுமே, வரன் போய்விடுமே என்று தம்பி கட்டிலில் கிடக்கும்போது யோசித்தேன். சலைன் பாட்டில் ஒன்று தீரும்வரை வாயைத் திறக்கவில்லை. தம்பி பெண்டாட்டி அழுதபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் நான் சொன்னேன். மனசாட்சி உறுத்திச் சொல்லவில்லை.

அவன் பிழைத்தான். மருந்தைப் பற்றி நான் உருப்படியாகப் படித்தது அதற்குப் பிறகுதான். கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர் குடற்புழுவுக்கான மருந்தாக இதைச் சோதித்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் மது குடித்தபோது உடம்புக்கு முடியாமல் போய், விஷயம் பிடிபட்டது. 1948இல் அறிவித்தார்கள். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். பிறகு ஒரு நொதி அதை முறித்துவிடும். டைசல்ஃபிராம் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. நஞ்சு ரத்தத்தில் தேங்குகிறது. தம்பி முகம் சிவந்ததும் நெஞ்சு படபடத்ததும் அதனால்தான். தொடக்கத்தில் பெரிய அளவுகளில் கொடுத்துச் சிலர் செத்தும் போயிருக்கிறார்கள். நோயாளிக்கு முழுதும் தெரிவிக்காமல் ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்பதுதான் அந்த மருந்துக்கான முதல் எச்சரிக்கை.

என்னை உட்கார வைத்தது இன்னொரு செய்தி. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. தான் சாப்பிடுவது இந்த மாத்திரைதான் என்று தெரிந்து சாப்பிட்டவர்களுக்குப் பலன் இருந்தது. மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரியாமல் சாப்பிட்டவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குடித்தால் என்ன ஆகும் என்ற அறிவுதான் கையைத் தடுக்கிறது. அந்த அறிவைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த நஞ்சை மட்டும் நான் தம்பிக்குப் பரிமாறியிருக்கிறேன். நான் கண்ட அறிவியல்!

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்றொருவர். 1979இல் குடிநோயால் கணவரை இழந்தார். மறுவருடமே கணவரின் பெயரில், டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். பணமும் பேரும் உள்ள குடும்பம். மறைக்க அவருக்கு என்னைவிட ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அவர் மறைக்கவில்லை. குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையில் ஒரு பங்கு. நான் எந்த மருத்துவர் முன்னாலும் அப்படி உட்காரவில்லை.

தம்பி பின்னால் தானாகவே ஒரு மனநல மருத்துவரிடம் போனான். அவரும் பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு அதே மாத்திரையைத்தான் எழுதினார். ஆனால் எல்லாவற்றையும் விளக்கி, அவன் சம்மதத்தோடு; தினமும் பெண்டாட்டி கண்முன்னே விழுங்கவேண்டும் என்ற ஏற்பாட்டோடு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகிறான். நடுவில் வழுக்கி விழுந்தான், எழுந்தான். இப்போது குடிப்பதில்லை. என் வீட்டுக்கு வருவான், பேசுவான், பேரனைத் தூக்கிக் கொஞ்சுவான். சாப்பிடமாட்டான். தண்ணீர்கூட அவன் கொண்டுவந்த பாட்டிலில்தான். கோபத்தோடு அல்ல, கை நீளமாட்டேன் என்கிறது என்றான்.

அந்த வரன் கூடிவந்தது. மாமன் விஷயம் சம்பந்தி வீட்டாருக்கு முதலிலேயே தெரியுமாம். அவர்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு.

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு வந்தது. நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மிச்சம் 37 பேரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அடுப்படியிலும் அந்த மாத்திரை அட்டை இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும். அதற்குள் அவர் குடித்தால் ஆபத்து. ஆகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார், திட்டட்டும். தினமும் குடிப்பவரை வீட்டுக்குள் பூட்டித் திடீரென்று நிறுத்தவும் பார்க்காதீர்கள். அதற்கு மருத்துவர் துணை வேண்டும். போதை மறுவாழ்வுக்கான இலவசத் தொலைபேசி எண் 14446. டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.