ஒரு முக்கோணம் கீறிய கதை

நாங்கள் கணனி படித்தவர்கள் அல்லர். 2006இல் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். இங்கே கனடாவில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருவர் பாகங்கள் பொருத்தும் பகுதி, மற்றவர் பொதி கட்டும் பகுதி. எங்களோடு இருக்கும் தம்பிதான் கல்லூரியில் கணனி படிக்கிறான்.

சென்ற மாரியில் ஒருநாள் காலை வேலையால் வந்தால், அவன் படுக்கவேயில்லை.

"அத்தான், இது எனக்குச் சரிவராது. நானும் உங்களோட பக்ரறிக்கு வாறன்."

எங்களுக்குத் திக்கென்றது. அவன் படிப்புக் கட்டணத்துக்காகத்தானே இரண்டு பேரும் இரவில் முழித்திருக்கிறோம்!

விசயம் இதுதான். திரையில் ஒரு முக்கோணம் கீறவேண்டும். ஓப்பன் ஜீ.எல். என்பது 1992இல் வெளிவந்த வரைகலை முறை. அதற்குக் கீறத் தெரியும். யன்னலொன்றைத் திறக்கத் தெரியாது. யன்னல் திறக்க ஜீ.எல்.எவ்.டபிள்யூ. என்ற துணை நூலகம் வேண்டும். கட்டளைகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று தேடிக்கொடுக்க கிளாட் என்று இன்னொன்று. ஒரு முக்கோணத்துக்கு இத்தனை பேரா என்று சிரித்தோம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு கதவுப்பிடிக்கு ஏழு பேர் நிற்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவன் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தான். கிளாட்டின் சீ கோப்பைச் சேர்த்திருந்தான். கிளாட் வரியை யன்னல் நூலகத்தின் வரிக்கு முன்னால் போட்டிருந்தான். ஆனாலும் கடைசியில் இணைக்கும்போது எல்.என்.கே.2019 என்று சிவப்புச் சிவப்பாய் வந்தது. பெயர் தெரிகிறது, பொருளைக் காணவில்லை என்பது அதன் கருத்தாம்.

பொருத்தும் பகுதியில் நிற்பவருக்கு இது விளங்கும். ஹெடர் கோப்பு வரைபடத் தாள் மாதிரி. லிப் கோப்புத்தான் பாகங்கள் உள்ள பெட்டி. தாள் வந்து பெட்டி வராத இரவுகள் எத்தனை!

"பெட்டி எங்கையடா?"

"பெட்டியும் இருக்கு அத்தான். எங்க இருக்கெண்டும் குடுத்திருக்கிறன்."

எங்களில் பொதி கட்டுபவர் லேபிளை எழுத்தெழுத்தாய் வாசித்துப் பழகியவர். சிவப்பையெல்லாம் விட்டுவிட்டு, மஞ்சள் அடையாளத்தோடு கிடந்த ஒரு வரியில் விரலை வைத்தா.

"இஞ்ச பார் தம்பி, ஒண்டு எக்ஸ்86, மற்றது எக்ஸ்64. ரெண்டும் ஒண்டோ?"

ஒன்றல்ல. அவனுடைய திட்டம் 64 பிற், நூலகம் 32 பிற். விண்டோஸுக்கு அந்த நூலகத்தை இரண்டு பொதிகளாகத் தருகிறார்கள். அவன் இறக்கியது மற்றதை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அங்குல ஆணியை மில்லிமீற்றர் நட்டில் முடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு சுற்றுப் போய் இறுகிவிடும். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இதைத் தொடங்கினால் முதலில் இந்த இலக்கத்தைப் பாருங்கள். மூன்று இரவு மிச்சம்.

பொதியை மாற்றிப்போட 800க்கு 600 அளவில் யன்னல் திறந்தது. நடுவிலே செம்மஞ்சள் முக்கோணம். நிறத்தை மாற்று, பச்சையாக்கு என்று கேட்டுக்கேட்டு நாங்களும் படுக்கவில்லை. நாளைக்கு இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துச் சதுரம் கீறுவானாம்.