நாற்றங்காலும் வயலும்

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இந்தியக் கால்பந்து ஆர்வலர்க்கு இரு செய்திகளைக் கொண்டுவந்தது. 18-ஆம் நாள் டாக்கா நகரில் நம் நாட்டு மூத்தோர் அணி வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வழி அதற்கு முந்தைய மாதமே அடைபட்டிருந்தபடியால், அத்தோல்வி வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதாயிற்று. பன்னிரண்டு நாள்கள் சென்றன. 30-ஆம் நாள் அகமதாபாத்தில், 17 வயதுக்குட்பட்ட நம் சிறுவர் அணி, முதலில் ஒரு கோல் பின்தங்கியும், ஈரானை 2-1 என வென்று, தன் வயதினருக்கான ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதியைப் பெற்றது. வாடிய முகங்கள் மலர்ந்தன. வலைகள் உலரும் மணலிலும், தேநீர்க் கடையின் பலகையிலும் அந்தப் பழைய சொல் மீண்டும் பிறந்தது: "இவர்கள் வளரட்டும், பிறகு பாருங்கள்!"

குமரிக் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாடெங்கும் கிரிக்கெட்டின் பின்னே ஓடியபோதும் எங்கள் கரை கால்பந்தைக் கைவிட்டதில்லை. எங்களுள் ஆசிரியர் உண்டு; கட்டுமரத்தில் கடலுக்குச் சென்று இன்று ஓய்ந்திருக்கும் பெரியவர் உண்டு; வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒன்றுகூடும்போது மட்டும் எங்கள் அனைவர்க்கும் வயது ஒன்றே. ஆகவே அந்தச் சொல் எங்கள் செவிக்குப் புதிதன்று. அதனை இதற்குமுன் மிக உரக்கச் சொன்ன ஆண்டு 2017.

அவ்வாண்டு அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடைபெற்றது. போட்டியை நடத்தும் நாடு என்னும் உரிமையால் நம் சிறுவர்கள் களம் இறங்கினர். 21 பேரில் எண்மர் மணிப்பூர் மாநிலத்தவர். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-3 எனத் தோல்வி. 9-ஆம் நாள் டெல்லியில் கொலம்பியாவை எதிர்த்த ஆட்டம் எங்கள் நினைவில் அழியாமல் நிற்கிறது. ஒரு கோல் பின்தங்கிய நிலையில், 82-ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து உதைத்த பந்தை ஜீக்சன் சிங் உயர எழும்பித் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். உலகக் கோப்பைப் போட்டி எதிலும் ஓர் இந்தியர் அடித்த முதல் கோல் அதுவே. நாங்கள் ஆர்ப்பரித்து எழுந்தோம். எழுந்தவர்கள் அமர்வதற்குள் கொலம்பியா இரண்டாவது கோலை அடித்துவிட்டது. மூன்றாம் ஆட்டத்தில் கானாவிடம் 0-4.

மூன்று தோல்விகள், ஒரே ஒரு கோல். எனினும் அந்த மூன்று நாள்களும் எங்கள் ஊரில் துக்க நாள்கள் ஆகவில்லை. 2026 உலகக் கோப்பையில் நாடுகளின் எண்ணிக்கை 32-இலிருந்து 48 ஆக உயரும் என்று அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அறிவித்திருந்தனர். ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள். இந்தச் சிறுவர்களுக்கு அப்போது வயது 25, 26. ஓர் ஆட்டக்காரரின் வாழ்வில் உச்சப் பருவம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத கால்பந்து அன்பர் அன்று உண்டோ?

கணக்குக்குச் சான்றுகளும் வந்தவண்ணம் இருந்தன. அந்தச் சிறுவர்கள் கலைந்து போகாதபடி, 'இந்தியன் ஆரோஸ்' என்ற அணியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மீண்டும் உயிர்ப்பித்து ஐ-லீக் தொடரில் ஆடவிட்டது. நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர்கள் சென்னை சிட்டி அணியை 3-0 என வென்றனர். நம் மாநிலத்து அணி தோற்றதற்காக நாங்கள் மகிழ்ந்த ஒரே நாள் அது! 2018 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டில் நடந்த கோட்டிஃப் போட்டியில் 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி, பத்துப் பேராய்க் குறைந்த பின்னும், அர்ஜென்டினாவை 2-1 என வீழ்த்தியது. தோற்ற அணியின் பயிற்சியாளர் பெயர் லியோனல் ஸ்கலோனி. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அதே மனிதர் அர்ஜென்டினாவின் மூத்தோர் அணிக்குப் பயிற்சியாளராய் உலகக் கோப்பையை ஏந்தி நின்றார். நம் சிறுவர்கள் எங்கே நின்றனர்?

அவர்கள் வீணாய்ப் போயினர் என்று சொல்வோர் உளர். அது நேர்மையான பேச்சன்று. ஜீக்சன் சிங் மூத்தோர் அணியின் நடுக்களத்தில் இடம்பெற்றார். சுரேஷ் சிங் 2021-இல் மாலே நகரில் நேபாளத்தை எதிர்த்த தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். பலர் பெரிய கழகங்களில் ஆடினர். எனினும், தனி மரங்கள் வளர்ந்தன, தோப்பு உருவாகவில்லை. 2024 சனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோலும் அடிக்கவில்லை. அவ்வாண்டு சூன் 11 அன்று கத்தாரிடம் 1-2 எனத் தோற்றதோடு 2026 உலகக் கோப்பைக் கனவும் முடிந்தது. கத்தாரின் முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டது என்பது மெய்யே. ஆனால் அதற்கு முன்பே, மார்ச்சில், குவஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு எந்தக் கோட்டைக் குறை சொல்வது?

எங்களுள் மூத்தவரான பெரியவர் இதைக் கேட்டு வியக்கவில்லை. "இதே படத்தை நான் முன்பே பார்த்தாயிற்று" என்றார். 1962-இல் சகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியா வென்றதை வானொலிச் செய்தியில் கேட்டவர் அவர். 1960 உரோமை ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அடித்த கோலே இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் அடித்த கடைசிக் கோல் என்பதை இளையோர்க்கு ஓயாது நினைவூட்டுபவரும் அவரே. அவர் சொன்ன படம் 1974-ஆம் ஆண்டினுடையது. அவ்வாண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியின் இறுதியாட்டத்தில், ஷபீர் அலி தலைமையிலான இந்திய அணி ஈரானோடு 2-2 எனச் சமன் செய்து, கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. ஆசியாவின் தலைசிறந்த இளைஞர்கள்! 'இவர்கள் வளரட்டும்' என்று அன்றும் சொன்னார்கள். வளர்ந்தார்கள். ஈரான் 1978-இல் உலகக் கோப்பைக்குச் சென்றது. இந்தியாவோ ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டுவதற்கே 1984 வரை காத்திருந்தது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முதுமொழி. முளையிலே தெரியும் என்றுதான் சொன்னார்களே அன்றி, முளைத்ததெல்லாம் விளையும் என்று சொல்லவில்லை. உழவரைக் கேட்டால் தெரியும்: நாற்றங்காலில் நாற்று பச்சைப் பசேலென்று நிற்பது அழகு. ஆனால் உரிய நாளில் பறித்து, உழுது சேறாக்கிய வயலில் நட்டால்தான் அது நெல். நாள் தவறினால் நாற்று முதிர்ந்து கணு விடும். பிறகு நட்டாலும் விளைச்சல் இராது. பதினேழு வயதுச் சிறுவர் அணி நாற்றங்கால். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை வாரந்தோறும் பெரியவர்களோடு மோதி ஆடும் தொடர் ஆட்டங்களே வயல். நம் நாட்டில் நாற்றங்காலுக்கு என்றும் குறைவில்லை. வயல்தான் இல்லை, இருந்தால் நீர் இல்லை.

'இந்தியன் ஆரோஸ்' அணியின் கதையை எடுத்துக்கொள்வோம். 2010-இல் தொடங்கினார்கள், 2013-இல் மூடினார்கள், 2017-இல் திறந்தார்கள், 2022-இல் மீண்டும் மூடினார்கள். ஆண்டுக்காண்டு வரப்பை வெட்டியும் கட்டியும் கொண்டிருந்தால் எந்தப் பயிர் நிலைக்கும்? நாட்டின் முதன்மையான கழகத் தொடரோ, வணிக உரிமை ஒப்பந்தம் முடிவடையும் நிலையில், 2025 சூலையில் நிறுத்திவைக்கப்பட்டது; எப்போது தொடங்கும் என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். பெரியவர்க்கே களம் இல்லாத இடத்தில் பத்தொன்பது வயது இளைஞனுக்கு யார் இடம் தருவார்?

இதற்கு நேர்மாறாய் ஒரு நாட்டைக் காட்டலாம். உஸ்பெகிஸ்தான் 2023 மார்ச்சில் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையை வென்றது. அப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரராய்த் தெரிந்தெடுக்கப்பட்டவர் அப்போஸ்பெக் ஃபைசுல்லாயெவ். அந்த இளைஞர் அப்போதே தாஷ்கண்ட் நகரின் பாக்தகோர் கழகத்தின் முதன்மை அணியில் ஆடிவந்தார். இளைஞர் தேசிய அணியினர்க்கெனவே ஒரு கழகத்தை அமைத்து, அதை நாட்டின் உயர்மட்டத் தொடரில் ஆடவிட்டதும் அந்நாடுதான். பத்து மாதங்கள் கழித்து, 2024 சனவரியில், கத்தாரில் இந்தியாவை எதிர்த்து நான்காம் நிமிடத்தில் முதல் கோல் அடித்தவர் அதே ஃபைசுல்லாயெவ். ஆட்டம் 0-3 என முடிந்தது. 2025 சூனில் உஸ்பெகிஸ்தான் வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கும் இரசிகர்கள் 'இவர்கள் வளரட்டும்' என்றே சொல்லியிருப்பார்கள். வளர்வதற்கு இடம் இருந்தது; அவ்வளவே வேறுபாடு.

அப்படியாயின் இனி நம்பவே வேண்டாமா? பெரியவரிடம் எங்கள் இளையவர் ஒருவர் இதைத்தான் சற்றுச் சினத்துடன் கேட்டார்: "ஐயா, ஒவ்வொரு முறையும் ஏமாறத்தான் வேண்டுமா?" பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "தம்பி, கடலுக்குப் போகிறவன் மீன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போவதில்லை. போகாமல் இருந்தால் கிடைக்காது என்று தெரிந்து போகிறான். ஆனால் கிழிந்த வலையைத் தைக்காமல் போகமாட்டான்" என்றார்.

நாங்கள் அன்றிரவு நெடுநேரம் அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தோம். எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு என்று தோன்றியது. எதிர்பார்ப்பு பிறரை நோக்கி நீட்டிய கை. குறித்த நாளில் பலன் வராவிடில் அது வசையாக மாறும். நேற்று 'வருங்கால நட்சத்திரங்கள்' என்று தோளில் தூக்கிய பிள்ளைகளை இன்று 'உதவாதவர்கள்' என்று இறக்கிவிடும். தாகம் நம்முடையது, சுமை மட்டும் பதினாறு வயதுத் தோள்களுக்கு. எதிர்நோக்கு அத்தகையதன்று. அது காத்திருக்கும்; காத்திருக்கும்போதே வலையைத் தைக்கும்.

அன்வர் அலியை நினைத்துப் பார்க்கிறோம். 2017 அணியின் தடுப்பாட்டக்காரர். அர்ஜென்டினாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தவர். 2019-இல் அவர் இதயத்தில் குறை இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு கூட்டமைப்பு அவரது ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்று, மருத்துவ ஆய்வுகளைக் கடந்து, மீண்டும் களம் புகுந்தார். 2022 சூன் 14 அன்று கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக, ஆட்டத்தின் இரண்டாம் நிமிடத்திலேயே நாட்டுக்காகக் கோல் அடித்தார். இரசிகர்கள் போட்ட கணக்கு எதிலும் இந்த இதயம் இடம்பெற்றிருக்கவில்லை. இளைஞர் ஒருவரின் வளர்ச்சி நேர்க்கோட்டில் செல்வதன்று. இடறலும் இடைவெளியும் உடையது. அந்த இடைவெளியில் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கழகமும், மருத்துவமும், பொறுமையுள்ள மக்களும் வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, அகமதாபாத்தில் ஈரானை வென்ற சிறுவர்களுக்காக மகிழ்வோம். அது அவர்கள் உழைத்து ஈட்டிய மகிழ்ச்சி. ஆனால் 2034 உலகக் கோப்பையின்போது இவர்களுக்கு வயது 25 என்று விரல் மடக்குவோர் இப்போதே உளர். அவர்களிடம் நாங்கள் வேறொரு கேள்வியைக் கேட்டு வருகிறோம்: பத்தொன்பதாம் வயதில் இவர்கள் எந்தக் கழகத்தில், வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆடுவார்கள்? இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் உலகக் கோப்பையைப் பற்றிய கேள்விக்கும் விடை தானே வரும். கோல்களை மட்டும் எண்ணும் கூட்டத்திற்கு நிருவாகிகள் அஞ்சமாட்டார்கள். களங்களை எண்ணும் மக்களுக்கே அஞ்சுவார்கள்.

இக்கேள்வி டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் மட்டும் உரியதன்று. கடலரிப்பால் ஆண்டுதோறும் சுருங்கிவரும் எங்கள் கரையில், பிள்ளைகள் ஆடுவதற்கு எஞ்சியிருப்பது ஒரே திடல். அதில் கட்டடம் எழுப்பலாமே என்று பேச்சு எழுந்தபோது, கடந்த ஆண்டு ஊர்க் கூட்டத்தில் பெரியவர் எழுந்து நின்று, "பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசி அமர்ந்தார். திடல் திடலாகவே இருக்கிறது. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே இருபது சிறுவர்கள் வெறுங்காலுடன் ஆடுகிறார்கள். கோல் கம்பங்களுக்கு இரண்டு பழைய துடுப்புகள்.