காந்தி சிலையடிப் படம்

போன மாதம் டவுனில ஒரு சின்ன மண்டபத்தில ரெண்டு நாள் ஒளிப்படக் கண்காட்சி ஒன்று நடந்தது. விசயம், திருகோணமலை நகரம். எடுத்தவர்கள் எங்களைவிட இளைய பிள்ளைகள். அரைவாசிக்கு மேல் போனில் எடுத்த படங்கள். வந்தாறுமூலையில இருந்து லீவுக்கு வந்திருந்த நாங்கள் நாலு பேரும் போனோம்.

முதலில் மான்களைச் சொல்லவேணும். இந்த ஊர்ப் படம் என்றால் மான் இல்லாமல் இராது. ஆனால் இங்கே ஒரு மான் ரோட்டோரம் நின்று லஞ்ச் சீற் தின்னுது. எங்கட மான்கள் உண்மையில் சாப்பிடுறது அதைத்தானே! கோணேசர் மலையில் சூரியன் உதிக்கிற படங்கள் ஆறேழு இருந்தன. எல்லாத்தையும்விட இந்த ஒன்று மேல்.

துறைமுகத்தைத்தான் காணேல்ல. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வகுப்பில இருந்து பாடமாக்கின ஊர் இது. ஆனால் உட்துறைமுக வீதியில் இருந்து தூரத்தில் தெரிகிற தண்ணி மட்டும் ரெண்டு படத்தில வருது. டொக்யார்ட் பக்கம் கடற்படை இருக்கு. அந்த வாசலில கமராவோட ஆர் நிக்கிறது? 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட காலத்துத் துறைமுகத்தை நாங்கள் இணையத்தில் பார்த்திருக்கிறோம். அதெல்லாம் பிரிட்டிஷ் படைக்காரர் எடுத்தது. ஏன் இந்தப் பிள்ளைகள் ஒருத்தரும் முயலேல்ல என்று கேட்கத்தான் நினைச்சுக்கொண்டு நடந்தோம்.

கடைசி மூலையில் காந்தி சிலையடிக் கடற்கரை. ஐஸ்கிறீம் வண்டி, பட்டம், நனைஞ்ச காற்சட்டையோட சின்னப் பிள்ளைகள். கீழே 'பின்னேரம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

2006 ஜனவரி 2 ஆம் திகதி அந்தக் கடற்கரையில்தான் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய எங்கட வயசு. கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் போக நின்ற அவரையும் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 இல் நீதிமன்றம் விடுவித்தது. இந்த ஊரில ஒரு படம் எடுக்கிறதின்ர விலை அப்படி இருந்திருக்கு.

எங்களுக்குள்ள வாக்குவாதம் வந்திட்டுது. கீழே அந்தத் திகதியாவது இருந்திருக்க வேணும் என்றோம் மூன்று பேர். "பிள்ளையள் விளையாடுற இடத்தை எந்த நாளும் செத்த இடமாத்தான் காட்டோணுமோ?" என்றாள் மற்றவள். அதிலும் நியாயம் இருக்கு. ஆனாலும் தெரியாதவன் பார்த்தால் அது வெறும் வடிவான பின்னேரம்தானே.

படம் எடுத்த தம்பி பக்கத்திலதான் நின்றிருக்கிறான்.

"எனக்குத் தெரியும் அக்கா. எங்கட அம்மா இண்டைக்கும் அந்தப் பக்கம் போகமாட்டா. அவவுக்குக் காட்டத்தான் எடுத்தனான்."

"அப்ப திகதியைப் போட்டிருக்கலாமே தம்பி?"

"போட்டா மண்டபம் தந்திருப்பினமோ?"

நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. துறைமுகத்தைப் பற்றிக் கேட்க வைச்சிருந்த கேள்வியையும் கேட்கேல்ல.